பார்வை எண்ணிக்கையை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்வித் தளம் ஒன்றில் நான் ஏற்றிய 12 நிமிடப் பாட வீடியோவுக்கு 400 பார்வைகள் என்று காட்டுகிறது. பாடத்தில் சேர்ந்திருப்பவர்களோ 60 பேர்தான். கணக்கில் குளறுபடியா?

பதில்: குளறுபடி இல்லாமலும் இப்படி வரும். பார்வை என்பது ஆள் கணக்கு அல்ல, வீடியோ எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கு. ஒரே மாணவர் காலையில் செல்போனிலும் இரவில் லேப்டாப்பிலும் திறந்தால் இரண்டு. தேர்வு நெருங்கினால் ஆளுக்கு ஆறேழு தடவை திறப்பதும் சகஜம்.

எவ்வளவு நேரம் ஓடினால் ஒரு பார்வை என்பதற்குப் பொது விதி கிடையாது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூன் முதல், பார்க்கப்பட்ட மொத்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதைப் பார்வை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. உங்கள் தளத்தின் நிர்வாகியிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை விநாடிக்குப் பிறகு எண்ணுகிறார்கள், எவ்வளவு இடைவெளி விட்டுத் திறந்தால் புதுப் பார்வை, பக்கம் திறந்ததும் சத்தமில்லாமல் தானே ஓடும் வீடியோவும் சேர்த்தியா. மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அந்த 400-ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: மாணவர் எந்தப் பகுதியைப் பார்த்தார், எதைத் தாண்டினார் என்பது தளத்துக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: வீடியோவை ஓட்டும் பிளேயர்தான் சொல்கிறது. ஓடத் தொடங்கியது, நிறுத்தியது, நகர்த்தியது, முடிந்தது என்று ஒவ்வொன்றையும் பிரவுசர் அறிவிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது தற்போதைய இடம் எது என்பதையும் விநாடிக்குக் குறைந்தது நான்கு முறை சொல்லும். அத்தனையையும் அனுப்பினால் சர்வர் தாங்காது. அதனால் 10 அல்லது 30 விநாடிக்கு ஒரு தடவை ‘இன்னும் ஓடுகிறது, இந்த இடத்தில் இருக்கிறது’ என்று ஒரு சிறு செய்தி போகும். ஹார்ட்பீட் என்பார்கள்.

வந்த செய்திகளை வைத்து என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். உங்கள் 720 விநாடி வீடியோவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் 0 முதல் 180 வரை பார்க்கிறார். 400-க்குத் தாவி 520 வரை பார்க்கிறார். பிறகு பின்னால் வந்து 120 முதல் 240 வரை பார்க்கிறார். ஓடிய நேரம் 420 விநாடி. ஆனால் 120–180 இரண்டு தடவை ஓடியது. அந்த 60-ஐக் கழித்தால் உண்மையில் பார்த்த பகுதி 360 விநாடி, சரியாகப் பாதி. தொட்ட கடைசி இடத்தை மட்டும் பார்க்கும் தளமோ 520/720 என்று போட்டு 72 சதவீதம் காட்டும். கடைசி நிமிடத்துக்கு இழுத்துவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்பவர்களுக்கு வசதியான கணக்கு! கற்றல் பதிவுகளுக்கான எக்ஸ்-ஏபிஐ தரத்தின் வீடியோ பிரிவில், ஓடிய துண்டுகளைத் தொடக்கமும் முடிவுமாகக் குறித்துவைக்கத் தனி இடமே உண்டு. அதைப் பயன்படுத்தும் தளத்தில் எந்த இடத்தில் பலர் திரும்பப் பார்க்கிறார்கள் என்றும் தெரியும். பாடம் புரியாத இடம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: முழு வீடியோவையும் பார்த்தேன். 50 சதவீதம் என்கிறது தளம்!

பதில்: இரட்டை வேகத்தில் பார்த்தீர்களா? 10 விநாடிக்கு ஒன்றாக வந்த ஹார்ட்பீட்களை எண்ணி 10-ஆல் பெருக்கும் தளமாக இருந்தால், 12 நிமிட வீடியோ 6 நிமிடத்தில் முடிந்ததும் 360 விநாடிதான் கணக்கில் ஏறும். தப்பு உங்களுடையது அல்ல. எண்ணிக்கையைப் பெருக்காமல், செய்தியோடு வரும் வீடியோ இடத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

95, 97 சதவீதத்தில் நின்றால் காரணம் வேறு. கடைசி ஹார்ட்பீட் போவதற்குள் பக்கத்தை மூடியிருப்பீர்கள். பக்கம் மூடப்படும் தருணத்தில் செய்தி அனுப்புவதை, அதுவும் செல்போனில், நம்ப முடியாது. வேறு பக்கத்துக்கோ ஆப்புக்கோ மாறி, பக்கம் கண்ணிலிருந்து மறையும்போதே அனுப்பிவிடுவது நல்லது. பாடம் நடத்துபவர்களுக்கு: முடித்ததற்கான எல்லையை 100-இல் வைக்காதீர்கள், 90 போதும். நன்றி அறிவிப்பு ஓடும் கடைசி விநாடிகளுக்காக யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: பிளேயர் சொல்வதைவிட, வீடியோ கோப்பு எத்தனை முறை சர்வரிலிருந்து போனது என்று சர்வர் குறித்துவைக்கும் லாக்கை எண்ணினால் துல்லியமாக இருக்காதா?

பதில்: இருக்காது. வீடியோ பெரும்பாலும் ஒரே கோப்பாகப் போவதில்லை. 6 விநாடித் துண்டுகளாக வெட்டினால் 12 நிமிடத்துக்கு 120 துண்டுகள். பிளேயர் அவற்றில் சிலவற்றை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும், ஹெச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற பிளேயர், அமைப்பை மாற்றாவிட்டால், குறைந்தது 30 விநாடியாவது வைத்துக்கொள்ளப் பார்க்கும். இரண்டு விநாடி பார்த்து மூடியவருக்கும் ஐந்து துண்டு போயிருக்கலாம். பின்னால் போய்ப் பார்த்தால், ஏற்கெனவே இறங்கியது என்பதால் லாக்கில் ஒன்றுமே பதியாமலும் போகலாம். டேட்டா செலவைப் பார்க்க மட்டும் அது உதவும்.

கேள்வி: ஒரே ஐபி முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான பார்வைகள். ரோபோ நிரலா?

பதில்: அவசரப்பட்டு நீக்காதீர்கள். ஒரு கல்லூரியின் வைஃபை முழுவதும் வெளியே ஒரே முகவரியாகத் தெரியலாம். லாகின் பெயரையும் ஓடிய துண்டுகளையும் பாருங்கள். நூறு பேரும் லாகின் செய்து, ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தி ஓட்டியிருந்தால் மாணவர்கள்தான். லாகின் இல்லாமல், எல்லாம் ஒரே விநாடியில் தொடங்கி ஒரே விநாடியில் நின்றிருந்தால் கழித்துவிடலாம். எதிர்மாறானதும் உண்டு: புரொஜெக்டரில் வகுப்பே பார்த்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

கேள்வி: போன மாத எண்ணிக்கை இந்த மாதம் கூடியிருக்கிறதே?

பதில்: ஆப்பில் பதிவிறக்கி இணையமில்லாமல் பார்த்தவர்களின் கணக்கு, போன் மறுபடி இணையத்தில் சேரும்போதுதான் வரும். போன் கடிகாரம் தவறாக இருந்தால் தேதியும் தவறாகும்; அதனால் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் ஒரே செய்தி இரண்டு தடவை வரும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் இருந்தால் சர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும், இல்லையென்றால் இரண்டும் ஏறும். மாத அறிக்கையை 1-ஆம் தேதியே எடுக்காமல் ஒரு வாரம் கழித்து எடுங்கள்.