புறாவுக்குக் கருத்தடைத் தீவனம்: குன்னூரில் வாங்க முடியுமா?

குன்னூரில் தகரக் கூரை வீட்டில் புறாத் தொல்லை தாங்கவில்லை, அமெரிக்காவில் உரிம விதியைத் தளர்த்தி விற்கும் கருத்தடைத் தீவனம் இங்கே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிலுள்ள மருந்து நிகார்பசின். கோழிகளின் இரத்தக் கழிச்சல் நோய்க்குக் கொடுத்துவந்த பழைய மருந்துதான். தின்ற பறவையின் முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு பலவீனமாகி வெள்ளையோடு கலந்துவிடும், குஞ்சு உருவாகாது. பறவைக்கு ஒன்றும் ஆகாது. தீவனத்தை நிறுத்தினால் மறுபடி குஞ்சு பொரிக்கும், ஆகவே தினமும் போட வேண்டும். அமெரிக்காவில் புறாக்களுக்குப் பயன்படுத்த 2007இல் பதிவானது. முதலில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கையாளலாம் என்றிருந்தது. பிறகு பொதுப் பயன்பாட்டுக்கு மாற்றினார்கள். கொல்லும் விஷத்துக்குரிய கெடுபிடி இதற்கு எதற்கு என்பதே வாதம். நியாயந்தான்.

ஆனால் இங்கே இதைப் பூச்சிக்கொல்லி வகையில் சேர்த்தால், நம் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி முதலில் மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவு வேண்டும். கடை உரிமம் அதற்குப் பின்னால்தான். இணையத்தில் தருவித்துத் தூவாதீர்கள்.

நீலகிரியில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. சோலைகளில் வாழும் நீலகிரி காட்டுப்புறா அழியும் அபாயத்தில் இருக்கிறது. மாடப்புறாவுக்குப் போட்ட தீனியை அது கொத்தினால்?

எங்கள் வீட்டில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் சந்து. உள்ளே எட்டிப் பார்த்தால் நாலு குச்சி, இரண்டு முட்டை. குஞ்சுகள் பறந்த மறுநாளே கம்பி வலை அடித்தேன். கீழே அரிசி இறைப்பதையும் அம்மா நிறுத்திவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே.