டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றால் ஆபரேஷன்தானா?

கேள்வி: எனக்கு 38 வயதுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். நாலு மாதமாக இடுப்பு வலி. காலையில் குனிந்து முகம் கழுவ முடிவதில்லை. இடது பக்கம் பிட்டம் வரை இழுக்கிறது. ஸ்கேனில் ‘எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கல்’ என்று வந்திருக்கிறது. பெல்ட் போடுகிறேன். பத்து நாள் கரண்ட் வைத்தேன். வைக்கும்வரை சுகம், அப்புறம் பழைய கதைதான். நீவி விட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். ஆபரேஷன் வரை போகுமா? வேலையை விட வேண்டுமா?
– வாசகி, அவினாசி

பதில்: ஸ்கேன் பேப்பரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் வலியைவிட அந்தப் பேப்பர் மேல் உள்ள பயம்தான் அதிகம் தெரிகிறது. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியில் உள்ள நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், நீர்ச்சத்து நிறைந்த ஒரு மெத்தை. நாற்பதை நெருங்கும்போது கண்ணுக்கு வெள்ளெழுத்து வருவதுபோல அதற்கும் வயதாகிறது. கொஞ்சம் வற்றும், ஓரம் கொஞ்சம் பிதுங்கும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடியவர்கள். உங்கள் வலியில் அந்த டிஸ்க்குக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பேப்பரில் பெயர் வந்ததாலேயே அதன் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

எனக்குச் சந்தேகம் உங்கள் ஸ்டூல் மேல்தான். சாய்மானம் இல்லாத ஸ்டூல், பெடலில் கால், ஊசி மேல் கண், முன்னால் வளைந்த தோள். பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸுக்குத்தான் கூலி என்றால், டீ மணி அடிக்கும்வரை எழவும் மனம் வராது. பன்னிரண்டு மணி நேரம் ஒரே வளைவில் இருக்கிற முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? என் அப்பா தறிக்குழியில் கால் போட்டுச் சேலை நெய்தவர். அவருக்கு இடுப்பு வலி வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாவு பிணைக்க எழுவார், தார் சுற்ற எழுவார், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் எழுவார். பீஸ் ரேட் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த எழுந்திருத்தலைத்தான்.

பண்டில் முடியும்போதெல்லாம், அதாவது அரை மணிக்கு ஒரு தடவையாவது, எழுந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை பின்னால் மெதுவாக வளையுங்கள். அடுத்த பண்டிலை உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண் கொண்டுவரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய் எடுங்கள். உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் திரும்பித் தரையிலிருந்து துணிக்கட்டைத் தூக்குவது மட்டும் வேண்டாம். ஸ்டூல் தாழ்வாக இருந்தால், முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே வரும்படி ஒரு குஷன் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை வலிக்கு வருகிறேன். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அதிகமாக இறுக்கும். அந்த நேரத்தில் குனிகிற வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பைப்பில் தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்குவதை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது என்றே நம் ஊரில் பதிந்துவிட்டது. கரண்டும் ஒத்தடமும் கொஞ்ச நேரம் வலியை மறக்க வைக்கும். முதுகுத் தசையை அவை பலப்படுத்துவதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வேண்டாம் என்கிறது, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டை ஒரே நாளில் கழற்ற வேண்டாம், இரண்டு வாரத்தில் படிப்படியாக விடுங்கள்.

மூன்று பயிற்சி போதும். முதலாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. இரண்டாவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி நிறுத்தி, அப்புறம் பக்கம் மாற்றுவது. இதில் முதுகு ஆடக் கூடாது. மேலே ஒரு சொம்புத் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பத்துப் பத்து முறை, தினமும். மூன்றாவது நடை. வலி ஆறிய பிறகு நடையைத் தொடர்ந்தவர்களுக்கு அது திரும்ப வரச் சராசரியாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள் என்று 2024-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொல்கிறது. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நாள் அரை மணி வரை கொண்டுபோங்கள். பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தாலும் கணக்கில் வரும்.

பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்தக் கூடுதல் வலி இருந்தால் பாதியாகக் குறையுங்கள். பிட்டத்து வலி மேலேறி நடு இடுப்பில் வந்து நின்றால் நல்ல அறிகுறி. காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று தடவை அவர் முன்னால் செய்து திருத்திக்கொள்வது எப்படியும் நல்லது.

மாமியார் எண்ணெய் போட்டு இதமாக நீவட்டும், தப்பில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, சொடக்கெடுப்பது, முறுக்கி இழுப்பது கூடாது.

ஆபரேஷன்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது உண்டு.

வேலையை விட வேண்டாம். வலி என்று படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளரும். ஆறு வாரத்துக்கு மட்டும் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குக் கிளம்புங்கள். அரை ஷிப்ட் கூலி போகும், தெரியும். ஸ்கேனுக்கும் பெல்ட்டுக்கும் இதுவரை கொடுத்ததையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் பேசுங்கள்.