கழிவுநீர் வேலைக்கா பிள்ளையை அனுப்புவது?

உங்கள் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மருத்துவ வெட்டுப்புள்ளி தவறிவிட்டது, இப்போது கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் போகிறேன் என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறீர்கள், அம்மா. அந்த வேலையில் ஒரு காலைப்பொழுது எப்படிப் போகும் என்று முதலில் பாருங்கள்.

நிலாவெளியில் ஒரு பெரிய ஹோட்டலின் சுத்திகரிப்பு நிலையம் என்று வையுங்கள். கழிவைத் தின்னும் பற்றீரியா வாழும் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லீற்றர் கலங்கல் நீரை அளவுச் சாடியில் எடுத்து, 30 நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். பற்றீரியா திரண்ட சேறு 250 மில்லிலீற்றர் கோட்டில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் நல்லது. நீரில் இருக்கும் திண்மம் லீற்றருக்கு 2500 மில்லிகிராம் என்றால் படிவுச் சுட்டெண், அதாவது ஒரு கிராம் திண்மம் படிந்து பிடிக்கும் மில்லிலீற்றர், 100. அதே சேறு 600இல் நின்றால் சுட்டெண் 240. 150ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். நூல் போன்ற பற்றீரியா பெருகி, சேறு கனமில்லாமல் மிதந்து, சேற்றைப் படியவிட்டு நீரைப் பிரிக்கும் தெளிவுத் தொட்டியின் விளிம்பால் வழிந்துவிடும். பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவுதான். ஆகவே கை போக வேண்டியது ஒட்சிசன் மானிக்கு: லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா, இல்லையென்றால் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃபியூசர் அடைத்திருக்கிறதா? அவசரக்காரர் சேற்றையெல்லாம் வெளியே இறைத்துவிட்டு, பற்றீரியா போதாமல் வாரக்கணக்கில் தவிப்பார்.

இந்தச் சாடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நீரிலுள்ள கழிவைச் சிதைக்கப் பற்றீரியா எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறது என்று பார்க்கும், சட்டம் கேட்கும் உயிர்வேதி ஒட்சிசன் தேவைப் பரிசோதனைக்கு 20 பாகை செல்சியசில் 5 நாட்கள் வேண்டும். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் நீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. திங்களன்று எடுத்த மாதிரிக்குப் பதில் சனிக்கிழமைதான் வரும். அதற்குள் தண்ணீர் போய்விடும்.

திருகோணமலைக்கென்று சில தலையிடிகள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரையின் சுற்றுலாப் பருவம் முடிந்து அறைகள் காலியானால் பற்றீரியா பட்டினி கிடக்கும். சமையலறைக் கொழுப்பு, அதைப் பிடித்துவைக்கும் பொறியைத் தாண்டி வந்தால் தொட்டியில் நுரை கட்டும். கரையோரக் குழாய் வெடிப்புகளால் கடல்நீர் கசிந்து, குளோரைட்டு லீற்றருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் கழிவை இரசாயனத்தால் சிதைத்து அளக்கும் இரசாயன ஒட்சிசன் தேவைப் பரிசோதனை பொய்யாக உயர்ந்து காட்டும். கடலில் மல மாசைத் தேட என்டரோகொக்கை பற்றீரியாவைப் பார்ப்பார்கள். அது உப்புநீரில் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். நைதரசன், பொசுபரசு மிஞ்சிப் போனால் பாசி வளரும். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவின் பவளப்பாறைகளுக்கு அது கூடாது.

இதெல்லாம் இரசாயனவியலும் நுண்ணுயிரியலும். உயிரியல் படித்த பிள்ளைக்குப் புதிதல்ல. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து எட்டிய தூரம். நிலையத்தை வடிவமைக்கும் பொறியியலாளராக வேண்டுமென்றால் இணைந்த கணிதம் வேண்டும். அந்தக் கதவு உயிரியல் பிரிவுக்குத் திறக்காது, இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பட்டத்துக்கு இடம் கிடைக்காவிட்டால், தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டத்திலிருந்து டிப்ளோமா வரை ஏறலாம். வேலை தேடும்போது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டிய ஹோட்டல், வைத்தியசாலை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுதத் தெரிந்த ஆள் தேவை.

துர்நாற்றத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது வேறு. அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு, காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கானால் மூக்கை மரக்கச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டதென்று மூடியைத் திறந்து குழிக்குள் இறங்கினவர் திரும்பி வராமல் போகலாம். பயிற்சிக்கோ வேலைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது மகள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: "உள்ளே இறங்க முன்னம் வாயுவை அளக்க மானி இருக்கிறதா? மேலே நின்று கயிறு பிடிக்க ஆள் இருக்கிறாரா?" பதிலில் இழுத்தால், அந்த இடம் வேண்டாம்.