வானொலி ஊழியத்துக்குக் காணிக்கை: கொடுக்கும் முன் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் மாதந்தோறும் ஒரு தொகை சேர்கிறது. அதை வானொலி மூலம் நற்செய்தி அறிவிக்கும் ஊழியம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்று பேசிவருகிறோம். "இந்தக் காலத்தில் யார் ரேடியோ கேட்கிறார்கள்?" என்று எங்களிலேயே இரண்டு பேர் தயங்குகிறார்கள். ஒரு நிறுவனம் ஒலிபரப்பு நிமிடக் கணக்கில் காணிக்கை கேட்கிறது. இன்னொன்று ஒலிபரப்பு, பேரிடர் நிவாரணம் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கிறது. எதற்குக் கொடுப்பது? கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

பதில்: அந்த இரண்டு பேரின் தயக்கத்திலிருந்தே தொடங்குவோம். அதில் நியாயம் இருக்கிறது. நாடு தாண்டி வெகுதூரம் போகும் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பு சுருங்கிவிட்டது உண்மைதான். 1931 கிறிஸ்துமஸ் நாளில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் தொடங்கிய ஹெச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்தவ வானொலி நிலையம், அந்நாட்டிலிருந்த தன் பெரிய சிற்றலை நிலையத்தை 2009இல் மூடியது. சீஷெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் ஒலிபரப்பிவந்த ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி நிறுவனம், 2003இல் அங்கே நிறுத்திக்கொண்டது. கத்தோலிக்க வானொலியான ரேடியோ வெரித்தாஸ் ஆசியா 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. ஆகவே "வானொலி ஊழியம்" என்ற பெயரை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டாம். எந்த மக்களுக்காக, எந்த அலையில், ஏன் அந்த அலையில் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அந்த "ஏன்" என்ற கேள்விக்கு இன்றும் நல்ல பதில்கள் உண்டு. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே எங்கோ ஒரு தடம் பதிகிறது. வானொலிப் பெட்டியைத் திருப்பிக் கேட்பவர் எந்தத் தடமும் விடுவதில்லை. இயேசுவைப் பற்றி விசாரிப்பதே ஆபத்தாக இருக்கும் இடங்களில் இது சின்ன விஷயமல்ல. எழுத்தறியாதவரும் கேட்கலாம், டேட்டாவுக்குக் காசில்லாதவரும் கேட்கலாம். மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் வெகுதூரம் போகாது. வானத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகளான அயனி மண்டலத்தின் கீழடுக்கு அதை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிட, அலை மேலே போய்த் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். எல்லை தாண்டிச் செல்லும் நற்செய்தி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வருவது அதனால்தான். பண்பலை (எஃப்.எம்.) சில பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் தெளிவாகக் கேட்கும், செலவும் குறைவு. உள்ளூர் மொழியில் உள்ளூர்க்காரரே பேச அதைவிட ஏற்ற வழி இல்லை.

வானொலி என்ன செய்யும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது ஹ்மோங் மக்களின் கதை. 1980களின் இறுதியில் வியட்நாமின் வடக்கு மலைகளில் வாழ்ந்த ஹ்மோங் மக்கள், ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற கிறிஸ்தவ வானொலி நிறுவனம் பிலிப்பைன்ஸிலிருந்து ஹ்மோங் மொழியில் ஒலிபரப்பிய நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கினார்கள். மிஷனரி ஒருவரும் அங்கே போய்த் தங்கியிருக்கவில்லை. ஆனாலும் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக, பெருந்திரளானவர்கள் கிறிஸ்தவர்களானார்கள். ஆராய்ச்சியாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கும் வரலாறு இது. தம் மொழியிலேயே, தம் இனத்தவர் ஒருவரின் குரலில் கேட்டது அவர்களைத் தொட்டது. ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்டவர்களுக்கு வேதாகமம் வேண்டியிருந்தது, போதிக்க ஆட்கள் வேண்டியிருந்தது, அதிகாரிகளின் நெருக்கடியும் வந்தது. வானொலி கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களைக் கவனிக்க வேறு கைகள் தேவைப்பட்டன.

உங்கள் குழுவுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமும் இதிலேயே இருக்கிறது. ஒலிபரப்பு நேரத்துக்குக் கொடுப்பவர்கள் பலர். கேட்டவர் திரும்பப் பேசும்போது பதில் சொல்லும் மேசைக்குக் கொடுப்பவர்கள் குறைவு. நிமிடக் கணக்கு காணிக்கையாளருக்குச் சட்டென்று புரிகிறது, அதனால் அறிக்கைகளில் அதுவே முன்னால் நிற்கிறது. நேயர் தொடர்புப் பிரிவு அப்படி எடுப்பாகத் தெரியாது. ஆனால் நல்ல ஊழியத்தையும் வெறும் ஒலிபரப்பையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பிரிவுதான்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு எண் அறிவிக்கப்படுகிறது. யாரோ ஒருவர் மிஸ்டு கால் கொடுக்கிறார். அவருக்குச் செலவு வராமல் இங்கிருந்து திரும்ப அழைக்கிறார்கள். முதலில் எந்த மொழியில் பேச விருப்பம் என்று கேட்கிறார்கள். இப்போது பேசுவது பாதுகாப்பா, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். அவர் கேட்பது பெரிய இறையியல் கேள்வியாக இருக்காது. கணவர் குடிக்கிறார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் சொன்ன கடவுள் எனக்கும் செவிகொடுப்பாரா என்று கேட்பார். பதில் சொல்பவர் பொறுமையாகக் கேட்டு, ஜெபித்து, பேசியதை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார், அடுத்த வாரம் அதே ஆள் அழைப்பதற்காக. நேயரே கேட்டுக்கொண்டால் ஒழிய அவரை எந்தச் சபையோடும் இணைப்பதில்லை. இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். ஒரு நிறுவனத்தில் நிகழ்ச்சிகள் பல மொழிகளில் போய்க்கொண்டிருக்க, பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், உங்கள் காணிக்கைக்கு அது சரியான இடம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நேயரின் பெயர், ஊர், படம் ஆகியவற்றைப் போட்டு "இதோ மனமாற்றம்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்திடமும் எச்சரிக்கையாக இருங்கள். கேட்டவரின் உயிருக்கே அது ஆபத்தாக முடியலாம். நல்ல நிறுவனம் உங்களுக்கு அனுப்பும் சாட்சியில் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டிருக்கும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். "எங்கள் ஒலிபரப்பு இத்தனை கோடி மக்களை எட்டுகிறது" என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் அலை போய்ச் சேரும் பரப்பில் வாழும் மொத்த மக்கள்தொகை. அத்தனை பேரும் கேட்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. எண்ணைக் குறை சொல்ல வேண்டாம், ஆனால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை நேயர்கள் தொடர்புகொண்டார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பதில் போனது? மீண்டும் தொடர்புகொண்டவர்கள் எத்தனை பேர்? இதற்குச் சின்ன எண்ணாக இருந்தாலும் நேராகப் பதில் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம்.

நிமிடக் கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அது கணக்குக்கு வசதியான சராசரி. அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்களின் ஒலிபரப்பு நிலையத்தில் நேரம் வாடகைக்கு எடுத்தால் ஒரு கணக்கு. சொந்த நிலையம் என்றால் மின்சாரம், பழுதுபார்ப்பு, உதிரி பாகம் என்று வேறு கணக்கு. 100 கிலோவாட் ஆற்றலில் ஒலிபரப்பும் கருவி மின்கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரம் அந்த 100 கிலோவாட்டைவிட நிறையவே அதிகம். நிகழ்ச்சித் தயாரிப்பு அதில் சேருமா, மொழிபெயர்ப்பு சேருமா, நேயர் தொடர்பு சேருமா? பல சமயம் கடைசியாகச் சொன்னது சேராது.

மாதந்தோறும் கொடுப்பது உங்கள் பெரிய பலம். சிற்றலை ஒலிபரப்பு அட்டவணைகள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. அந்தப் பருவத்துக்கான அலைவரிசையையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதி செய்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் குவியும் பணத்தை வைத்து ஒரு மொழியில் புதிதாக ஒலிபரப்பைத் தொடங்கி, அடுத்த பருவத்தில் நிறுத்தினால், கேட்டுப் பழகியவர்களைக் கைவிட்டதாகிவிடும். வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்கேற்ப எடுத்து வைக்கும்படி கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதில் இந்த ஒழுங்கு இருக்கிறது. தொகை சிறிதாக இருக்கட்டும், தவறாமல் போகட்டும்.

"நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கேளுங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். வானொலியில் பொறியாளரும் ஊழியக்காரர்தான். கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லியது. அங்கே அதிக ஆற்றலில் ஒலிபரப்பியபோது ஆண்டெனாவின் முனைகளில் மின்பொறி பறந்து, அலுமினியமே உருகத் தொடங்கியது. ஹெச்.சி.ஜே.பி.யின் பொறியாளர் கிளாரன்ஸ் மூர், முனையே இல்லாதபடி சதுர வளையமாக ஓர் ஆண்டெனாவை வடிவமைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார். இன்றும் உலகெங்கும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் பயன்படுத்தும் குவாட் ஆண்டெனா அதுதான். அவருடைய சம்பளத்தை வீண் செலவு என்று யார் சொல்வார்கள்? காணிக்கையில் "குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும்" என்று எழுதினால் அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது, தொடவும் கூடாது. அதனால் முதல் ஆண்டில் பாதியை நேயர் தொடர்புக்கு என்று குறிப்பிட்டும், மீதியைப் பொது நிதிக்கும் கொடுப்பது நல்லது.

கணக்கு விஷயத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தை எடுத்துச் செல்ல, பவுல் தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று. வெளித் தணிக்கையாளர் கையெழுத்திட்ட ஆண்டுக் கணக்கு இருக்கிறதா? நிர்வாகக் குழுவில் நிறுவனர் குடும்பத்தைச் சேராதவர்கள் பெரும்பான்மையா? பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறதா, ஒரு தனி மனிதரின் கணக்குக்கா? கடைசிக் கேள்விக்குத் தவறான பதில் வந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். தொண்டு நிறுவனப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் நாடுகளில், அவர்கள் தாக்கல் செய்த கணக்கை நீங்களே பார்க்கலாம். நாடு விட்டு நாடு பணம் அனுப்புவதானால் இரண்டு நாட்டுச் சட்டங்களும் பொருந்தும். பெறுபவருக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "கையில் கொடுத்தனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிவாரணமும் ஒலிபரப்பும் சேர்ந்து செய்யும் நிறுவனம் தப்பானதல்ல. 2013இல் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரை நாசமாக்கியபோது, கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒலிபரப்பியுடன் ஒரு கிறிஸ்தவ வானொலிக் குழு சில நாட்களிலேயே அங்கே போய் ஒலிபரப்பியது. தண்ணீர் எங்கே கிடைக்கும், மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும் குரல் அந்த நேரத்தில் சோற்றுக்குச் சமம். நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: உதவி வாங்க வந்தவர் ஜெபக்கூட்டத்தில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. 1994இல் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த பேரிடர் நிவாரண நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அவற்றை ஏற்றுக் கையெழுத்திட்ட கிறிஸ்தவ நிறுவனங்களும் உண்டு. இந்த விதிகளை ஏற்கிறீர்களா, இரண்டு நிதிக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

பணம் இல்லாமல் தாங்கவும் ஒரு வழி இருக்கிறது, உங்கள் குழுவின் இளைஞர்களுக்குப் பிடிக்கும். நிகழ்ச்சியைக் கேட்டு, தேதி, நேரம், அலைவரிசை எழுதி, ஒலித்தரத்தைச் 'சின்போ' முறையில் குறித்து அனுப்பலாம். சமிக்ஞை வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலை பரவல், ஒட்டுமொத்தத் தரம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 45444 என்று வந்தால் நன்றாகக் கேட்கிறது, 22222 என்றால் சிரமம். அலைவரிசையை மாற்றலாமா என்று முடிவெடுக்கப் பொறியாளர்களுக்கு இந்த அறிக்கைகள் உதவுகின்றன.

முதலில் ஒரு பருவத்துக்கு, அதாவது ஆறு மாதத்துக்கு என்று ஒத்துக்கொண்டு தொடங்குங்கள். மூன்றாம் மாதமே அறிக்கை கேளுங்கள், குழுவாக உட்கார்ந்து படியுங்கள், சந்தேகம் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். நிறுத்துவது என்று முடிவானால், அட்டவணை மாறும் நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். அந்த மொழி நிகழ்ச்சிக்கு வேறொருவரைத் தேட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.