ஒலவக்கோட்டில் ஃப்ளாட் வாங்கலாமா?

கேள்வி: கணவருக்குக் கோவையில் வேலை, தினமும் ரயில். இங்கே பாலக்காட்டில் ஒலவக்கோடு ஸ்டேஷன் பக்கம் பழைய அபார்ட்மென்டில் ஒரு ஃப்ளாட் 30 லட்சத்துக்கு வருகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று எல்லாரும் கலந்து வாழும் கலகலப்பான தெரு, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாங்கலாமா?
- வாசகி, பாலக்காடு

பதில்: தாராளமாக வாங்கலாம் சகோதரி. ஜங்ஷனும் ரயில்வே கோட்ட அலுவலகமும் அங்கேயே இருப்பதால் பல ஊர்க்காரர்கள் வந்து தங்கிய இடம் அது, உங்கள் குழந்தைகள் தெருவில் விளையாடியே நாலு மொழி பேசுவார்கள்.

ஆனால் 30 லட்சத்தோடு செலவு முடியாது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுக் கடனில் இது பொதுவாகச் சேராது.

பழைய கட்டடம் என்பதால் நான் முதலில் பார்க்கச் சொல்வது, உங்கள் பேருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மொத்த மனையில் உங்கள் பங்கு, எவ்வளவு என்பதைத்தான், ஏனென்றால் நாளைக்கு இடித்துக் கட்டும்போது கையில் நிற்கப்போவது அதுதான், சுவரும் டைல்ஸும் இல்லை. பத்திரம் மலையாளத்தில் இருக்கும். பேச வருகிறது, படிக்க வராது என்றால் புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடித்து, 30 வருட வில்லங்கச் சான்றோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அபார்ட்மென்ட் சங்கத்தில் மெயின்டெனன்ஸ் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். பாலக்காட்டு வெயில் தெரியுமே, ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மாடிவீட்டுக்காரர்களிடமே கேளுங்கள். லாரித் தண்ணீர் என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.