சேலத்திலிருந்து கொழும்புக்கு ரயிலும் கப்பலுமாக: எந்த வழி, எந்த மாதம்?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறேன். என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில், சிறுமியாக இருந்தபோது, குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார். சித்தி குடும்பம் இப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம் என்றால், "வந்த மாதிரியே கப்பலில்தான் போவேன், விமானம் வேண்டாம்" என்கிறார் அம்மா. பொங்கல் விடுமுறையில் போக நினைக்கிறோம். சேலத்திலிருந்து ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு போய்ச் சேர முடியுமா? ராமேஸ்வரம் வழியா, நாகப்பட்டினம் வழியா?

பதில்: முடியும். நாகப்பட்டினம் வழியாகத்தான் முடியும். ஆனால் பொங்கலுக்கு வேண்டாம்.

முதலில் ராமேஸ்வரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மாவின் நினைவில் இருக்கும் வழி அதுதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போய்வந்தார்கள். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தது அந்தத் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலில்தான். 'ராமானுஜம்' என்ற கப்பல் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அம்மாவுக்கு ஞாபகம் இருக்கலாம். இலங்கையில் போர் தொடங்கிய எண்பதுகளில் அந்தச் சேவை நின்றது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள், தலைமன்னார் வரையிலான இலங்கை ரயில் பாதையும் 2015-லேயே மீண்டுவிட்டது. நடுவில் உள்ள அந்தக் கொஞ்சம் கடலைக் கடக்கத்தான் கப்பல் இல்லை.

இப்போது ஓடுவது நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல். காங்கேசன்துறை இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுகம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாள்களிலேயே மழைக்காலத்தைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது, நவம்பரில் நின்றது, 2025 பிப்ரவரி 22-இல் திரும்ப ஓடத் தொடங்கியது. இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே விஷயம் புரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணை கொந்தளிக்கும். சுமார் 150 பேர் ஏறும் சிறிய கப்பல் அதில் போகாது. அதனால் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை இந்தப் பயணத்தைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கப்பல் ஓடினாலும் காற்று பலமாக இருக்கும், அலையும் கூடும். அம்மாவோடு போவதென்றால் மார்ச், ஏப்ரல்தான் என் தேர்வு. கடல் அப்போதுதான் அடங்கி இருக்கும். பிள்ளைகளும் வருவதாக இருந்தால் முழுப் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலில் கிளம்பலாம்.

இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது கப்பல். ரயில் தினமும் இருக்கிறது, பஸ் எப்போதும் இருக்கிறது. கப்பல் ஒரு நாளைக்கு ஒரு முறைதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. 2025-இல் செவ்வாய்க்கிழமை விடுமுறை விட்டு ஓட்டினார்கள். காற்று பலமாக அடித்தால் முதல் நாள் மாலையில்கூட ரத்து என்று செய்தி வரும். ஆகவே கப்பல் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்றதை அமையுங்கள். திரும்பி வருகிற கப்பலுக்கும் நீங்கள் வேலையில் சேரும் நாளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். தோட்டத்தில் லீவு கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, சேலத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு நேரடி ரயில் இருக்கிறது: பெங்களூரு - காரைக்கால் வண்டி. காலையில் பெங்களூரில் கிளம்பி, ஓசூர், தர்மபுரி வழியாக நண்பகல் வாக்கில் சேலம் வரும். அப்புறம் ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று ஊர் ஊராக நின்று, ராத்திரி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடும். வேகமான வண்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி மாற வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், கழிப்பறை இருக்கிறது. வயதான அம்மாவோடு போகிறவருக்கு வேகத்தைவிட இவைதான் முக்கியம். காலையில் ஏற்காட்டில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஜங்ஷனுக்கு வந்தாலும் நேரம் இருக்கும்.

சேலம் - மயிலாடுதுறை வண்டி ஒன்று மதியத்துக்கு மேல் கிளம்புகிறது. அது நாமக்கல், கரூர், திருச்சி வழியாகத் தஞ்சாவூர் போகும். தஞ்சையில் இறங்கி நாகைக்குப் பஸ் பிடிக்க வேண்டும், அதுவும் இரவு வேளையில். காரைக்கால் வண்டியைத் தவறவிட்டால் மட்டும் இதை நினையுங்கள். ஈரோடு போய் எர்ணாகுளம் - காரைக்கால் இரவு வண்டியைப் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தூங்கிக்கொண்டே போகலாம் என்பது உண்மைதான், ஆனால் அது நாகையைத் தொடும்போது கப்பல் நடுக்கடலில் இருக்கும். சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து இரவு பஸ்ஸில் போய் விடியலில் இறங்கி நேராகத் துறைமுகம் போகிறவர்களும் உண்டு. இளவட்டங்களுக்குச் சரி, அம்மாவுக்கு வேண்டாம்.

ஆக, கப்பலுக்கு முந்தின இரவு நாகையில் தங்கல். இங்கே ஒரு எச்சரிக்கை: நாகூரும் வேளாங்கண்ணியும் அருகில் இருப்பதால் வார இறுதிகளில் அறைகள் நிரம்பிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவின்போது ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கப்பல் காலையில் கிளம்பும். ஏழரை, எட்டு மணி என்று நேரம் அவ்வப்போது மாறியிருக்கிறது. இரண்டு மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி எடை எல்லாம் அங்கே நடக்கும். ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2024-இல் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் சாதாரண வகுப்பில் 5,000 ரூபாய், உயர் வகுப்பில் 7,500. பிறகு குறைத்தார்கள். இலவசமாக எடுத்துப் போகும் எடையையும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யும் அன்று என்ன போட்டிருக்கிறதோ அதையே நம்புங்கள். எடைக்கு மேல் போனால் கிலோ கணக்கில் காசு வாங்குவார்கள். சொந்தக்காரர்களுக்கு வாங்கிப் போகிற பழக்கம் நமக்கு உண்டே, வீட்டிலேயே ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள்.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து போகிறவர் காப்பி கொண்டுபோகாமல் இருக்க மாட்டார். வறுத்து அரைத்த பொடியை நன்றாக மூடி எடுத்துப் போங்கள். பச்சைக் கொட்டை, மிளகுக் கொடித் துண்டு, ஆரஞ்சு நாற்று, விதை எதுவும் வேண்டாம். செடி, விதைகளுக்கு இலங்கையில் முன் அனுமதி தேவை, இல்லாவிட்டால் பறிமுதல்தான்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் இருந்தால், குமட்டலுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் வேண்டாம், பொங்கலும் வடையும் வேண்டாம். முன்பக்கத்தைவிட நடுப்பகுதி இருக்கையில் ஆட்டம் குறைவு. அம்மாவின் மாத்திரைகளை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

காகிதங்களில் அம்மாவுடையதுதான் நேரம் பிடிக்கும். அவருக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். பிறந்த இடம் இலங்கை என்பதால் இந்தியக் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்பார்கள். தாயகம் திரும்பியபோது இந்தியத் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இரண்டும் வீட்டுப் பெட்டியில் எங்காவது இருக்கும். அவற்றில் அம்மாவின் பெயர், வயது எழுதியிருப்பதும் ஆதாரில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மலையகக் குடும்பங்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் வருவது அந்த எழுத்து வித்தியாசத்தில்தான். அதைச் சரி செய்யவே மாதக்கணக்கில் ஆகலாம், பொங்கலை விட்டு ஏப்ரலுக்குத் தள்ள இதுவும் ஒரு காரணம்.

இலங்கைக்குள் நுழைய ஈடிஏ என்ற மின்னணு அனுமதியைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். கட்டண விதிகளைச் சில ஆண்டுகளாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே சாயலில் இருக்கும் தரகர் தளங்கள் இரட்டிப்புக் காசு பறிக்கும். கையில் இந்திய ரூபாய் நோட்டாக 25,000-க்கு மேல் எடுத்துப்போக நம் சட்டம் அனுமதிக்காது.

நண்பகல் வாக்கில் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள்தான், பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. கொழும்புக்குப் போகும் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறையிலேயே தொடங்குகிறது. போரில் 1990-இல் அறுந்து, 2014-இல் யாழ்ப்பாணம் வரையும் 2015-இல் காங்கேசன்துறை வரையும் மீண்ட பாதை அது. இறங்கிய அன்றே ரயிலேறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கப்பல் ஒரு மணி நேரம் தாமதித்தால் போட்ட கணக்கு முழுதும் சரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ரயிலில் ஏறுங்கள். கொழும்பு கோட்டை நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், பகல் முழுதும் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை ஆட்டோவில் பக்கம். ரயில் இருக்கைகளை 30 நாள் முன்பிருந்து இணையத்தில் பதிவு செய்யலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும். 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கையின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. போகிற மாதத்தில் எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று சித்தி வீட்டாரையே நிலையத்தில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ரயில் இல்லாவிட்டாலும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்கள் உண்டு.

அம்மா ஹட்டனையும் பார்க்க வேண்டும் என்றால் திரும்பும்போது கொழும்பிலிருந்து தனியாகப் போய்வர வேண்டியதில்லை. வடக்குப் பாதையும் மலைநாட்டுப் பாதையும் பொல்கஹவெலயில் பிரிகின்றன. மலைப்பாதை முழுதாக ஓடும் காலமாக இருந்தால் கொழும்பிலிருந்து ஹட்டன், பிறகு பொல்கஹவெலயில் மாறி யாழ்ப்பாணம் என்று ஒரே வளையமாக முடித்துவிடலாம்.

திரும்பும் கப்பல் காங்கேசன்துறையில் பிற்பகலில் கிளம்பி மாலையில் நாகை சேரும். சோதனை முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். அன்றிரவும் நாகையில் தங்கி, அதிகாலையில் பெங்களூரு போகும் அதே காரைக்கால் வண்டியைப் பிடித்தால் பிற்பகலுக்குள் சேலம் வந்துவிடலாம். அந்த வண்டியின் நேரத்தை மட்டும் கிளம்பும் வாரத்தில் ரயில்வே செயலியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.