அமுக்கரா கேப்சூல்: எலி ஆய்வை நம்பி மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடமாகக் காரணமே இல்லாமல் பதற்றம், படபடப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. மனநல மருத்துவர் எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் பதற்றம் இன்னும் கூடிப் பயந்துபோனேன். இப்போது நான்கு மாதம் ஆகிறது, எவ்வளவோ பரவாயில்லை. தைராய்டு குறைவுக்காகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். என் நாத்தனார் அமுக்கரா (அஸ்வகந்தா) சாறு அடங்கிய கேப்சூல் வாங்கித் தந்திருக்கிறார். “எலிகளில் நடந்த ஆய்வில் டயசெபாமுக்கு இணையாகப் பதற்றத்தைக் குறைத்தது, பக்கவிளைவு இல்லை” என்று அதன் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆங்கில மருந்தை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். எஸ்சிட்டாலோபிராமை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதோடு சேர்த்து இந்தக் கேப்சூலைத் தொடங்கவும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் தைராய்டு ஒரு முக்கியமான காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த விளம்பர வரியைப் பார்த்துவிடுவோம். உங்களைப் போலப் பலர் அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துகிறார்கள். அந்த வரியின் முதல் பாதி பொய் இல்லை. அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அமுக்கரா வேரிலிருந்து கிளைக்கோவித்தனோலைடு என்ற சேர்மங்களைப் பிரித்தெடுத்து, எலிகளுக்கு ஐந்து நாள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். எடையில் கிலோவுக்கு 20 மி.கி., 50 மி.கி. என்று இரண்டு அளவுகள். ஒப்பிட எடுத்துக்கொண்டது லோராசெபாம், அதாவது பதற்றத்தை உடனே தணிக்கும் டயசெபாமின் குடும்பத்து மருந்து. எலிகளின் பயம் குறைந்தது, லோராசெபாமோடு ஒப்பிடும்படியாகவே குறைந்தது. இது நேர்மையான, நல்ல ஆய்வு. ஆனால் “பயம் குறைந்தது” என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்கும். நான்கு பாதைகளில் எதிரெதிரான இரண்டுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் சுவரே இல்லாத வெறும் பலகை. எலியை நடுவில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கவனிப்பார்கள். எலி இயல்பிலேயே சுவரை ஒட்டி ஓடுகிற பிராணி. திறந்த பலகையில் மூக்கை நீட்டும், ஓரத்தை முகர்ந்து பார்க்கும், உடனே பின்வாங்கிச் சுவருக்குள் போய்விடும். டயசெபாம் கொடுத்த எலி திறந்த பலகையில் கடைசி வரை நடக்கும், விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டுக் கீழே பார்க்கும். நான்கு காலும் உள்ளே வந்தால்தான் அந்தப் பாதைக்குள் நுழைந்ததாகக் கணக்கு. திறந்த பாதையில் எத்தனை முறை நுழைந்தது, எத்தனை விநாடி இருந்தது என்பதுதான் முடிவு. மருந்து எலியைச் சும்மாவே ஓடவிட்டாலும் திறந்த பாதைக்குள் அதிகம் போகும், மந்தமாக்கினால் எங்கேயும் போகாது. அதனால் மூடிய பாதைக்குள் போன எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்துத்தான் நல்ல ஆய்வாளர்கள் முடிவு சொல்வார்கள். எலிகளுக்கு இந்தச் சோதனை செல்லுபடியாகும் என்று 1985-ல் காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் மருந்தியல் கல்லூரிகளிலும் மூலிகைச் சாறுகளை இதில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

இந்தச் சோதனை எந்த மருந்தை வைத்துப் பழகியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டயசெபாம் போன்ற மருந்துகளை இது அருமையாகக் கண்டுபிடிக்கும். ஆனால் இன்று பதற்ற நோய்க்கு உலகமெங்கும் மருத்துவர்கள் முதலில் எழுதும் எஸ்சிட்டாலோபிராம் வகை மருந்துகளை ஒரு வேளை கொடுத்து இந்த மேடையில் விட்டால், பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரிவதில்லை. சில ஆய்வுகளில் எலி முன்னைவிட அதிகமாகப் பயந்து ஒடுங்குகிறது. நாள் கணக்கில் கொடுத்தாலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. உங்களுக்கு முதல் வாரத்தில் பதற்றம் கூடியதே, அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களை நான்கு மாதத்தில் இந்த அளவுக்குத் தேற்றிய மருந்து அந்த ஐந்து நிமிடச் சோதனையில் தோற்றுப்போயிருக்கும். அப்படியானால் அதில் ஜெயித்த ஒன்று உங்களுக்குக் கட்டாயம் உதவும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த நிமிடத்துப் பயம் குறைந்ததை அது சொல்லும். இரண்டு வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் கவலையைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

“டயசெபாமுக்கு இணை” என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். டயசெபாம் வேகமாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் எழுதத் தயங்குகிறோம், ஏனென்றால் உடல் அதற்குப் பழகிவிடும், நிறுத்தும்போது படாத பாடு படுத்தும். ஒரு மூலிகை உண்மையிலேயே டயசெபாம் போலவே மூளையில் வேலை செய்கிறது என்றால், அது தூக்கக் கலக்கம் தருமா, பழக்கத்துக்கு அடிமையாக்குமா என்ற கேள்விகளையும் அதனிடம் கேட்டாக வேண்டும். விளம்பரம் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், இந்தச் சோதனை மிகவும் நுட்பமானது, எளிதில் கலைந்துவிடக்கூடியது. ஒரு தடவை மேடையில் ஏறிய எலியை மறுபடி ஏற்றினால் டயசெபாமே சரியாக வேலை செய்யாது. 1999-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று ஆய்வகங்கள் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே உணவு என்று எல்லாவற்றையும் முடிந்தவரை ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்த்தன. அப்படியும் இந்த மேடைச் சோதனையின் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. ஒரு குழுவுக்கு ஆறு, எட்டு எலிகளை வைத்து ஒரே இடத்தில் ஒரே முறை நடந்த ஆய்வை நான் ஒரு தொடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அளவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, கிலோவுக்கு இத்தனை மி.கி. என்பதை சுமார் 6-ஆல் வகுப்பது மருந்தியலில் உள்ள வழக்கம். தோராயமான கணக்குதான், ஆனாலும் உதவும். பனாரஸ் ஆய்வின் குறைந்த அளவான 20 மி.கி.யை எடுத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 190 மி.கி.க்கு மேல் அந்தப் பிரித்தெடுத்த சேர்மம் வேண்டும். கடையில் கிடைக்கும் கேப்சூலில் 300 மி.கி. சாறு, அதில் 5 சதவீதம் வித்தனோலைடு (அமுக்கராவின் முக்கியச் சேர்மங்கள்) என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது 15 மி.கி.தான். உங்கள் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், சதவீதமே போட்டிருக்க மாட்டார்கள் என்பதும் நடக்கும். எலி ஆய்வைக் காட்டி விற்பதும் பாட்டிலுக்குள் இருப்பதும் அளவிலும் சரி, பொருளிலும் சரி, ஒன்றல்ல.

இதையெல்லாம் சொல்வதால் அமுக்கராவில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேரில் ஒரு பாதிக்கு 300 மி.கி. வேர்ச் சாறு தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. சாறு சாப்பிட்டவர்களின் அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. நம்பிக்கை தருகிற முடிவு. ஆனால் அவர்கள் வேலை, வீட்டு அழுத்தத்தில் இருந்தவர்கள். உங்களைப் போல மருந்து தேவைப்படும் பதற்ற நோய் உள்ளவர்களிடம் எஸ்சிட்டாலோபிராமுக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல அது.

எலியில் ஜெயித்து மனிதரில் தடுமாறிய ஒரு மூலிகையின் கதை எங்கள் துறையில் பிரபலம். பசிபிக் தீவுகளில் காவா என்ற செடியின் வேரைக் கரைத்துக் குடிப்பார்கள். எலிகளில் நல்ல பலன் தெரிந்தது, சில சிறிய மனித ஆய்வுகளிலும் தெரிந்தது. ஐரோப்பாவில் மாத்திரையாக அமோகமாக விற்றது. பிறகு கல்லீரல் பாதிப்புகள் வரத்தொடங்க, 2002-ல் ஜெர்மனி அதன் விற்பனையை நிறுத்தியது. 2014-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவில் பதற்ற நோய் உள்ள 171 பேரிடம் 16 வாரம் ஒழுங்காகச் சோதித்தபோது, வெறும் மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. கல்லீரல் சோதனையில் மாற்றங்கள்தான் காவா சாப்பிட்டவர்களிடம் அதிகம் தெரிந்தன. இதற்கு நேர்மாறாக, லாவண்டர் எண்ணெய்க் கேப்சூல் மனித ஆய்வுகளில் தேறி ஜெர்மனியில் மருந்தாகவே விற்கிறது. இரண்டில் எது நடக்கும் என்பதை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

“பக்கவிளைவு இல்லை” என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் கல்லீரல் அழற்சியை எட்டு எலிகளை ஐந்து நாள் வைத்திருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அமுக்கரா மாத்திரைகளால் மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் நிறுத்தியதும் தேறிவிட்டார்கள். டென்மார்க் 2023-ல் அதைத் தடை செய்தது. நம் நாட்டிலும் வேருக்குப் பதில் இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் தைராய்டு. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது. தைராய்டு லேசாகக் குறைந்திருந்தவர்களிடம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே இது தெரிந்தது. ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடும் நீங்கள் இதையும் சேர்த்தால் ஹார்மோன் மிகையாகலாம். மிகையானால் என்ன வரும் தெரியுமா? படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம். எதைக் குறைக்க இதைச் சாப்பிடுகிறீர்களோ அதையே அது கூட்டிவிடும்.

அதனால் முதலில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் காலையில் மாத்திரை போடுவதற்கு முன் பாருங்கள். ஐந்து வருடமாக ஒரே அளவு என்றால், எடையோ உடல்நிலையோ மாறி அந்த 75 மைக்ரோகிராமே இப்போது உங்களுக்கு அதிகமாகியிருக்கலாம். டிஎஸ்எச் மிகவும் குறைவாக வந்தால் தைராய்டு ஹார்மோன் மிகை என்று அர்த்தம்; மிச்சமிருக்கும் படபடப்புக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம், அதைச் சரிசெய்வது எளிது. கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். நாள் முழுக்க வகுப்பில் நின்று பேசுகிறவர்களுக்கு ரத்தசோகையாலும் நெஞ்சு படபடக்கும்.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அவர் தரும் அமுக்கரா சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு என்று பலதும் சேர்ந்திருக்கும். அதன் அளவும் முறையும் வேறு, செறிவூட்டிய சாற்றுக் கேப்சூல் வேறு. போகும்போது தைராக்சின் சீட்டையும் எஸ்சிட்டாலோபிராம் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் எந்த வடிவிலும் அமுக்கரா வேண்டாம். கேப்சூல் ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, உடல் அரிப்பு, பசியின்மை, குமட்டல் இவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அன்றே கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எஸ்சிட்டாலோபிராமைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். அது நோய் திரும்பியதுபோலவே இருக்கும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம். அதன் பிறகு உங்கள் மருத்துவரே சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அந்த நேரம் வரும்போது அவரிடம் உங்கள் பள்ளி நாட்காட்டியையும் சொல்லுங்கள். ஆண்டுத் தேர்வும் விடைத்தாள் திருத்தலும் நடக்கும் மாதத்தில் குறைக்கத் தொடங்க வேண்டாம், மே விடுமுறையில் தொடங்கலாம்.